பள்ளிக்கூட வாசல் கிணறு

நித்திரை வராததால் மகள் கூட்டிப்போன ஸ்காபரோ சுகாதார நிலையத்தில், இந்த நாட்டின் பூர்வகுடிப் பெண்ணொருத்தி நித்திரைக்கென்று சிப்பியில் வாசனை இலையை எரித்து, புகையை என் பக்கம் விசிறியதும், நான் கதவைத்தான் பார்த்தேன். சின்ன வயதில் தடிமன், சளி என்றால் அம்மா என் தலைமயிருக்குச் சாம்பிராணிப் புகை பிடித்துவிடும் நாள்களில், பள்ளிக்கூட வாசலில் கன்னியாஸ்திரி சிஸ்டர் என் பின்னலை முகர்ந்து, "பேய்க்குப் போடுற புகை! போய்க் கழுவு" என்று வாசல் கிணற்றடிக்கு அனுப்புவார். பின்னாளில் போரில் தூர்ந்துபோன அந்தக் கிணற்றின் குளிர்நீர் சட்டைக்குள் வடிய வடிய, இருமியபடியே ஆனா ஆவன்னா படித்தேன்.

"ஆரும் வந்து ஏசுவினமோ எண்டு கேள் பிள்ளை," என்றேன்.

மகள் கேட்டுச் சொன்னாள்: "அவவின்ரை அம்மாவையும் இதுக்குப் பள்ளிக்கூடத்திலை அடிச்சவையாம். இப்ப பயமில்லையாம், அம்மா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கொண்டையை அவிழ்த்துப் புகைக்குக் கொடுத்தேன். கண்ணை மட்டும் கதவிலிருந்து எடுக்கவில்லை.