பேனுக்குத் தேய்த்த பூச்சி மருந்து

முதலில் எச்சில்தான் வந்தது. பத்து வயதுப் பெண்ணுக்குக் கைக்குழந்தைபோல வாயோரம் வழிந்தது. துடைத்தேன், மறுபடி வழிந்தது. பிறகு வியர்வை, வாந்தி. உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. என் மகள் சாந்தி வெட்கப்பட்டு அழுதாள். வெட்கப்பட வேண்டியவள் நான்.

அது எண்பதுகளின் தொடக்கம். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தோட்டத்தில் எனக்குப் பூச்சி மருந்து அடிக்கும் வேலை. மறுநாள் புந்தோங் டவுனில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். முந்தைய தீபாவளிக்கு அங்கே போனபோது நாத்தனார் சாந்தியின் தலையைப் பார்த்து, எல்லார் முன்னாலும், "தோட்டத்துப் பேன டவுனுக்குக் கொண்டாந்துட்டீங்களா அண்ணி?" என்று சிரித்திருந்தார். அது எனக்கு ஆறவே இல்லை.

மருந்தடிக்கும் பெண்கள் யார் தலையிலும் பேன் கிடையாது. கூட வேலை செய்த பாப்பாத்தி அக்கா அதைப் பெருமையாகவே சொல்வார்.

"இந்த வேலையில நமக்குக் கெடைச்ச ஒரே லாபம் இதுதான்லா!"

நாங்களும் சிரிப்போம். அந்தப் பேச்சுத்தான் எனக்கு யோசனை கொடுத்தது. செம்பனை ஓலையைத் தின்னும் புழுவுக்கு அடிக்கிற பொடியில் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை காலை அதைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்த அவள் தலையில் அழுத்தித் தேய்த்து, துண்டால் இறுகக் கட்டினேன். பொடி இருந்த பையில் மண்டையோட்டுப் படம் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

மதியம் இப்படி ஆனதும் என் கணவர் கார் பிடிக்க ஓடினார். அவர் வருவதற்குள் நான் சாந்தியின் தலையை மூன்று தடவை சோப்புப் போட்டு அலசினேன். விஷம் இறங்கட்டும் என்று அல்ல. டாக்டருக்கு வாடை தெரியக் கூடாது என்று.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் தமிழர், சின்ன வயது. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"பூச்சி மருந்து ஏதாச்சும் குடிச்சாளாம்மா?"

"இல்ல டாக்டர்."

குடிக்கவில்லைதானே? அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டபோது இட்லி, சட்னி என்று விலாவாரியாகச் சொன்னேன். அப்படிப் பூசி மெழுகினேன்.

மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். சாந்தியின் நெஞ்சில் சளி கொதிக்கிற சத்தம். தொடைச் சதை தானாகத் துடித்தது. மிஸ்ஸி (நர்ஸ்) அவளை ஒருக்களித்து மடக்கிப் பிடித்தபோது உதடு நீலமாக இருந்தது. நாங்கள் வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"குத்தாதீங்க டாக்டர்! புழுவுக்கு அடிக்கிற பவுடர எண்ணெயில கொழச்சு தலையில தேச்சேன். பேனுக்கு."

"என்னலா செஞ்ச நீ?" என்றார் என் கணவர். அதன்பின் என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் அவரைத் தோட்டத்துக்கு அனுப்பி, பையில் இருந்த பெயரை எழுதிவரச் சொன்னார்.

உடனே அட்ரோபின் (எச்சிலையும் சளியையும் வற்றவைக்கும் மாற்று மருந்து) ஏற்றினார்கள். சில நிமிடத்துக்கு ஒரு ஊசி. சாந்தியின் முகம் சிவந்தது. அங்கே இல்லாத யாரிடமோ பேசினாள். பொழுது சாயும்போது, "அம்மா, வாயெல்லாம் காயுது" என்றாள். அந்த உலர்ந்த குரலைக் கேட்டு மகிழ்ந்த தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை. மறுநாள் டாக்டர் விளக்கினார். அது கார்பமேட் வகை (தசைகளுக்கு நரம்பு இடும் கட்டளையை நிறுத்தும் நொதியை முடக்குகிற பூச்சிக்கொல்லி).

"இது புடிச்ச புடிய ஒரு நாளுக்குள்ள பெரும்பாலும் விட்டுரும்மா. சில மருந்து விடாது. தலைய அலசிக் கொண்டாந்தீங்க பாருங்க, அது நல்ல காரியம். இல்லாட்டி இன்னும் உள்ள எறங்கியிருக்கும்."

அப்போதுதான் என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் இளகியிருந்தது. எதற்காக அலசினேன் என்பதை நான் மூச்சு விடவில்லை.

வேலை முடிந்த சாயங்காலங்களில் எங்களுக்கு வந்த தலைவலியையும் குமட்டலையும் அதுவரை வெயில் மேல் போட்டுக்கொண்டிருந்தோம். அதன்பின் என் உடம்பை நான் பழையபடி நம்பியதில்லை. இன்றும் சாந்திக்கு வியர்த்தால் முதலில் அவள் கருமணியைத்தான் பார்க்கிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: குடிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். தோலும் குடிக்கும். ஆஸ்பத்திரி வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

சாந்திக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். "அம்மா ஒடனே தலைய அலசினதாலதான் நான் பொழச்சேன்" என்று அவளிடமும் சொல்லி வளர்க்கிறாள். அப்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். மற்றவர்களுக்கு அது முடிந்துபோன ஒரு நாள். எனக்கு அந்த இருபது நிமிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் சாந்தியிடம் படிக்கக் கொடுத்தேன். நான்கு நாளாகிறது. அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.