பூச்சியத்தை வகுத்த துரை

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது, புதிதாக வந்த துரைக்குச் சராசரியின் மேல் தீராத காதல். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு கரும்பலகையை நட்டார். முதல் நாள் பறித்த கொழுந்தை, பறித்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, மேப்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் காலையில் நான் எழுத வேண்டும். மாத முடிவில் அந்த எண்களையெல்லாம் கூட்டிச் சராசரி பார்த்து, முந்தி நிற்கும் பிரிவுக்குத் தண்ணீர்க் குழாய் என்றார். மேப்பிரிவு குளித்துத் துவைத்து அனுப்பும் பீலி ஓடைத் தண்ணீரைத்தான் கீழ்ப்பிரிவு குடித்துக்கொண்டிருந்தது. குழாய் எங்கே வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். துரைக்கு மட்டும் வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒருநாள் கீழ்ப்பிரிவில் வயிற்றோட்டத்தில் ஒரு குழந்தை செத்துப்போனது. ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் சாவு விழுந்தால் அந்தப் பிரிவில் யாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதில்லை. அது தோட்டத்து வழக்கம். கொழுந்தும் பூச்சியம், ஆளும் பூச்சியம். மறுநாள் காலை பலகையில் அந்தக் கட்டத்தை நான் வெறுமையாக விட்டேன்.

“ஏன் எழுதல்ல?” என்றார் துரை.

“பூச்சியத்தைப் பூச்சியத்தால வகுக்க முடியாதுங்க சேர்.”

“படிச்ச ஆளுக்குமா முடியாது?”

எனக்குச் சூடேறிவிட்டது. பதுளை நூலகத்தில் ஓர் இயற்கணிதப் புத்தகத்தைப் புரட்டிய திமிர் வேறு. வகுக்கலாம், ஆனால் சும்மா கிடைக்காது என்று தொடங்கினேன். எண்களோடு புதிதாக ஒன்றைச் சேர்த்து, அதுவே விடை என்று வைத்துக்கொள்ளும் கணித அமைப்பு உண்டு. அந்தப் புதியது பொல்லாதது. எதோடு கூட்டினாலும் அதை விழுங்கித் தானே நிற்கும். தன்னிலிருந்து தன்னைக் கழித்தாலும் பூச்சியமாகாது. “அதை எழுதினா மாசக் கணக்கு முழுக்க அதுவாவே போயிடும் சேர்.” இன்னொரு அமைப்பில், பூச்சியத்தால் எதை வகுத்தாலும் பூச்சியம்தான் என்று விதித்துவிடுவார்கள். அது வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு, ஆட்கள் சோம்பேறிகள் என்று அதற்கு அர்த்தமில்லை என்றும் சொன்னேன்.

துரைக்குக் கடைசி வாக்கியம் காதில் விழவில்லை. என் கையிலிருந்த வெண்கட்டியைப் பிடுங்கி, கீழ்ப்பிரிவுக்கு நேரே அவரே ஒரு பூச்சியம் போட்டார். இப்படியாக எங்கள் தோட்டம் உயர்கணிதத்தில் காலடி வைத்தது. கீழ்ப்பிரிவின் சராசரி சரிந்தது.

அதே மாதம் அங்கே இன்னொரு சாவு. கீழ்ப்பிரிவுக் கங்காணியின் மனைவி. விடிந்ததும் பெரட்டுக்குப் போனால், பிரிவு முழுவதும் கூடைகளோடு வந்து நிற்கிறது. லயத்துப் பக்கமிருந்து சாவுக்கு அடிக்கும் தப்பின் சத்தம் இல்லை. கங்காணிக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“பொணம் சாயந்தரம் வரைக்கும் இருக்கும் ஐயா,” என்றார் என்னிடம். “பூச்சியம் மட்டும் போட்டுடாதீங்க.”

எனக்குக் கரும்பலகையைத் துரையின் தலையிலேயே போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. மறுநாள் கீழ்ப்பிரிவுக்கு நான் எழுதியதுதான் அந்த மாதத்திலேயே பெரிய எண். துரை எல்லோர் முன்னாலும் கங்காணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.