சரிந்த தோள்

அசையாமல் இருப்பதை ஒரு மனிதனின் உழைப்பு என்று சொல்ல முடியுமா? கலைக் கல்லூரியில் எல்லாரும் 'சிலை' என்று கூப்பிட்ட அந்த மனிதரிடம் யாரும் இதை நேராகக் கேட்டதில்லை. அவர் மனைவி மட்டும் தன் பாணியில் கேட்டாள்.

"அங்கயும் உக்காந்துட்டு வர்றீங்க, இங்கயும் வந்து உக்கார்றீங்க. நடுவுல பஸ்லயாவது நின்னீங்களா?"

"பஸ்ல இடம் கிடைச்சுது" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மாணவர்கள் பார்த்து வரைவதற்காக மேடையில் உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. அரைக்கால் சட்டை மட்டும் போட்டிருப்பார். இடைவேளைக்கு எழுந்திருக்குமுன் யாராவது வந்து அவர் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுப்பார்கள். திரும்பி வந்ததும் அதே கோட்டுக்குள் கால் வைக்க வேண்டும். கால் பொருந்திவிட்டால் முதுகும் கழுத்தும் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒருநாளும் மேடையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அவர் வந்தபோது கல்லூரி கல்லூரியாகவே இல்லை. ஓர் அச்சகத்தின் மாடியில், விளம்பரப் பலகை எழுதும் ஒருவர் நடத்திய பயிற்சிக்கூடம். இவர் கீழே காகிதக் கட்டுகளைத் தோளில் சுமந்து லாரிக்கும் கிடங்குக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒருநாள், உட்கார வேண்டிய ஆள் வராமல் போய்விட்டான். பலகைக்காரர் படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கொஞ்ச நேரம் சும்மா உக்காருவியா?"

"எதுக்குங்க?"

"சும்மாதான்ப்பா. சும்மா உக்கார ஒரு ஆள் சிக்க மாட்டேங்குறான் இந்த ஊர்ல."

கட்டுத் தூக்குவது இதைவிட லேசு என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் கீழே திரும்பிப் போகவில்லை.

ஓவியப் படிப்புக்குப் பின் சிற்பம் வந்தது. துணி வடிவமைப்பும் புத்தக அட்டை வடிவமைப்பும் வந்தன. கல்லூரி சொந்தக் கட்டடத்துக்குப் போனபோது அவருக்கு வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள் உள்ள கூடம் கிடைத்தது. பிறகு உள்ளலங்காரப் படிப்பு வந்தது. கூடத்தின் குறுக்கே ஒரு பலகைத் தடுப்பு எழும்பியது. ஆடை வடிவமைப்புக்காகத் தலையில்லாத பொம்மைகள் வந்து மிச்ச இடத்தையும் பிடித்துக்கொண்டன. அனிமேஷன் வந்ததும் கணினிகளுக்கு வெளிச்சம் ஆகாது என்று ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்பு வண்ணம் அடித்தார்கள். சிலை மாடிப்படிக்குப் பக்கத்து அறைக்குப் போனார். அங்கே ஒரே ஒரு டியூப்லைட். கல்லூரியின் ஆண்டு மலர்களில் ஒவ்வொரு புதுப் படிப்பும் ஒரு முன்னேற்றம். அவருக்கு ஒவ்வொன்றும் ஓர் அறை மாற்றம். வாய் திறக்காமல் போனார் என்று அவர் பொறுமையைப் புகழ்வார்கள். புகழலாம்தான். முறையிட ஆள் இல்லாதவர்களும் பார்வைக்குப் பொறுமைசாலிகளாகத்தான் தெரிவார்கள்.

கட்டுச் சுமந்த இடது தோள் அவருக்கு நிரந்தரமாக இறங்கியிருந்தது. மாணவர்கள் கண்ணால் கண்டதை வரைந்தார்கள். பார்த்து வரைய வேறு ஆள் இல்லாததால், படிப்பு முடிந்து போன பிறகும் அவர்கள் கை அதே தோளைத்தான் போட்டது. அந்தக் கல்லூரியில் படித்தவர்களுக்கு மனிதன் என்றால் இடது பக்கம் சரிந்தவன்.

முதலில் இதைக் கண்டுபிடித்தவள் மனைவிதான். தையல் வேலை செய்து செய்து அவள் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. கண் மருத்துவமனையில் காத்திருந்தபோது, எதிர்ச் சுவரில் ஒரு குடும்பத்தை வரைந்த சுவரொட்டி.

"என்னங்க, எனக்குத்தான் கண்ணு சரியில்லையா, இல்ல அவனுக்கும் உங்களை மாதிரி ஒரு பக்கம் இறங்கியிருக்கா?"

"இறங்கித்தான் இருக்கு."

"அவன் பொண்டாட்டிக்கும். அட, கைக்குழந்தைக்குமா? பாவம், அது எந்தக் கட்டைத் தூக்குச்சு?"

அவர் சிரிக்கவில்லை. இவர்கள் முறை வரும்வரை அந்தக் குடும்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சட்டை விளம்பரமோ, பள்ளிப் பாடப் புத்தகமோ, எங்கே வரைந்த மனிதனைக் கண்டாலும் அவர் கண் முதலில் தோளுக்குத்தான் போகும்.

ஓவியப் படிப்பில் சேர ஆள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் துறைத் தலைவி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாணவியாக இருந்த காலத்தில் அவரை வரைந்து பழகியவர்.

"உக்காருங்கண்ணே."

"நிக்கிறேன் மேடம். உக்காந்து உக்காந்துதான் முட்டி போச்சு."

மேடம் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "அடுத்த வருஷத்துலேருந்து ஓவியப் படிப்பு இல்லண்ணே. கணினி விளையாட்டு வடிவமைப்புதான். பசங்க திரையைப் பார்த்து வரைவாங்க. நீங்க ஒரே ஒரு தடவை வந்து நின்னா போதும், கருவி உங்களைச் சுத்திப் படம் எடுத்து, உருவத்தை அப்படியே கணினிக்குள்ள ஏத்திக்கும். வரவேற்பு மேசையில உங்களுக்கு வேலை போட்டுத் தர்றேன்."

"கணினிக்குள்ள நான் எத்தனை நாள் இருப்பேன்?"

"கல்லூரி இருக்கிற வரைக்கும்."

"நான் போன பிறகுமா?"

"ஆமாண்ணே."

"மூச்சு விடுமா அது?"

"வேணும்னா விட வைக்கலாம்."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வரவேற்பு மேசைன்னா சாஞ்சு உக்கார நாற்காலி உண்டா?" என்றாள்.

"உண்டு."

"அப்புறம் என்ன யோசனை?"

யோசிக்க ஒன்றும் இல்லைதான். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லை. இனி இந்த ஒரு சம்பளம்தான். ஒப்புக்கொள்ளத்தான் போகிறார் என்று அவருக்கே தெரியும். ஆனால் இனி வரப்போகிற பிள்ளைகள் மனிதன் என்று நினைத்து எதை வரையப்போகிறார்கள் என்பது அவருக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது.

கறுப்படித்த ஜன்னல்கள் உள்ள பழைய கூடத்தில், கைகளை விரித்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கணினிக்காரன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"ஒரு சின்ன விஷயம்ண்ணே. ரெண்டு பக்கமும் ஒரே அச்சா இருந்தாதான் இந்த ஆளை நடக்க வைக்கிறது, ஓட வைக்கிறது எல்லாம் சுலபம். அதனால ஒரு பாதியை எடுத்து மறுபாதிக்கும் போட்டுருவோம். உங்க வலது பக்கத்தை வச்சிருக்கேன். கம்பீரமா இருக்கு பாருங்க."

திரையில் நின்றவன் அழகாகத்தான் இருந்தான். வாழ்நாளில் எதையும் சுமந்திராதவன். மேடம் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரோ மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார். பிறகு, "உங்களுக்குச் சம்மதமாண்ணே? நீங்க சொன்னாதான் இதை முடிக்க முடியும்" என்றார்.

"இன்னொரு பக்கத்தை வச்சுப் பாருங்க."

கணினிக்காரன் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு மாற்றினான். இரண்டு தோளும் சரிந்த ஓர் உருவம் வந்து நின்றது.

"ஈரத் துணியை ஆணியில மாட்டின மாதிரி இருக்குண்ணே."

"இதுவே இருக்கட்டும்."

"இதுவும் நீங்க இல்லையேண்ணே" என்றார் மேடம். "முதல்ல காட்டினதாவது பார்க்க லட்சணமா இருந்துச்சு."

"இருக்கட்டும் மேடம்."

ஏன் என்று மேடம் கேட்டபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவியும் கேட்டாள். எந்தப் படிப்பு எந்த மாடியில் என்று வருகிறவர்களுக்கு வழி சொல்லும் வேலையில், அவர் பின்னாளில் நிறையவே பேசக் கற்றுக்கொண்டார். இதைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.