குடையோடு நின்றவர்

கீழ்வேளூரில் அரைவை மில் கட்டினேன். அஸ்திவாரம் தோண்டும்போதே தண்ணீர் ஊறி, படித்த இன்ஜினீயரே கையை விரித்த இடம் அது. இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. அடுத்து கல்யாண மண்டபம். புயலில் கூரை பறந்தது, மறுபடி போட்டேன். இரண்டு அறுவடை மெஷின். எங்கள் வாய்க்கால் தலைப்பில் ஒரு மதகு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. இந்தப் பத்தியைக்கூட நானேதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மட்டும் பத்திரிகை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார்.

தெரிந்த கதைதானே என்கிறீர்களா? வாராவாரம் சொல்கிறவன்தான், ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரம் சொல்லக் காரணம் இருக்கிறது. நார்வே நாட்டில், ஒரு மலைமேல், ஒரு மர வீட்டில், ஒரு பழைய புத்தகத்தில் என்னைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

'குடையோடு நின்றார்.'

அவ்வளவுதான்! நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது நம் வழக்கம். நார்வேயில் வாழ்க்கைப்பட்ட என் மகள் கயல் வரவில்லை. "டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாம் இங்கதான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் கிளம்பி வாங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். பெண் தாய்வீட்டுக்கு வராவிட்டால் தாய்வீடு பெண்ணிடம் போக வேண்டியதுதானே? நானும் என் வீட்டுக்காரி சரோஜாவும் இட்லிப் பொடி, வடகம், ஒரு கறுப்புக் குடை சகிதம் விமானம் ஏறினோம். அப்போது கயலுக்கு ஆறாவது மாதம்.

மாப்பிள்ளை எரிக் தங்கமான பிள்ளை. அவருடைய அப்பா ஊலா, என் சம்பந்தி. எழுபது வயது, ஆறடிக்கு மேல் உயரம், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. 'ஆமாம்' என்பதை மட்டும் மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார். முதல் நாள், மனிதருக்கு மூச்சுத் திணறுகிறது என்று பதறி முதுகைத் தடவிவிட்டேன். சுகமாக இருக்கிறதா என்று கயலை விட்டுக் கேட்டேன். அதற்கும் மூச்சை இழுத்தார்.

அவர்களுக்கு டவுனில் அருமையான வீடு. சுவிட்சைத் தட்டினால் தரையே சூடாகும். ஆனால் லீவு விட்டதும் நான்கு மணி நேரம் கார் ஓட்டி, மலைமேல் கரன்ட் இல்லாத, கக்கூஸ் வெளியே இருக்கிற ஒரு மரக் குடிலுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். நம் ஊரில் கரன்ட் போனால் ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறோம். அவர்கள் கரன்ட் இல்லாத இடத்தைப் பெட்ரோல் செலவழித்துத் தேடிப் போகிறார்கள். வசதி முற்றிப்போனால் மனிதனுக்கு என்னென்ன ஆசை வருகிறது பாருங்கள்!

அந்தக் குடிலில்தான் புத்தகம். தோல் அட்டை, மங்கிய தாள். ஊலாவின் அப்பா ஆரம்பித்தது. குடிலுக்கு யார் வந்தாலும், என்ன வேலை செய்தாலும், அன்றைக்கே அதில் எழுதிவிட வேண்டும். கயல் படித்துக்காட்டினாள்.

"மழை. விறகு வெட்டினோம். காபி."

அடுத்த பக்கம். "மழை. கதவு மாற்றினோம். காபி."

அதற்கடுத்த பக்கம். "மழை. காபி."

"ஏம்மா, இதையா தலைமுறை தலைமுறையா எழுதுறாங்க?"

"சிரிக்காதீங்கப்பா. எரிக்குக்கு அவரோட தாத்தாவைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் இதுல இருந்துதான். நாளைக்கு நம்ம பிள்ளையும் இதைத்தான் எடுத்துப் படிக்கும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வருமா? எனக்குத் தெரியாது. என் மில்லின் பெயர்ப்பலகை முன்னால் அது வந்து நிற்குமா? அதுவும் தெரியாது. ஆனால் இந்தப் புத்தகத்தைப் படிக்கும். அப்படியென்றால் இதில் என் பெயர் உருப்படியாக ஏறியே ஆக வேண்டும்.

மறுநாளே வேளை வந்தது. அங்கே 'டுக்னாட்' என்று ஒரு வழக்கம். கூலி கிடையாது, எல்லோரும் கூடி ஒரு வேலையை முடிப்பது. நமக்கு இது புதுசா? மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலைத் தூர் வாரினோமே, குடிமராமத்து என்று... அதேதான். இப்போது நமக்கு ஜேசிபி வந்துவிட்டது. அது வருவதற்கு முன்னாலேயே பன்னிரண்டு போட்டோ போட்ட ஃப்ளெக்ஸ் வந்துவிடுகிறது.

அன்றைய வேலை என்ன தெரியுமா? மலைத் தண்ணீர் குடிலின் தரைப் பலகைக்கு அடியில் புகுந்து மரம் ஊறிக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் தரை உளுத்துவிடும். பின்பக்கம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும்.

தண்ணீர்... வாய்க்கால்... என்னிடமா!

நல்ல மழை. வேட்டிக்குள் தெர்மல் பேன்ட், மேலே கயலின் ரோஸ் கலர் ரெயின்கோட், கையில் குடை. மேடாகப் பார்த்து ஏறி நின்றேன். ஊலா, அவர் மனைவி, எரிக் மூவரும் இறங்கி வெட்ட ஆரம்பித்தார்கள். கயல் பின்வாசல் கூரைக்குக் கீழே நாற்காலியில்.

"இன்னும் ஆழமா வெட்டுங்க! அந்தக் கல்லை முதல்ல எடுங்க சம்பந்தி!" தமிழில்தான் சொன்னேன். வேலைக்கு எதற்கு பாஷை? ஊலா மூச்சை இழுத்தார்.

சரோஜாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏங்க, எழுபது வயசுல அவரு குனிஞ்சு வெட்டுறாரு. நீங்க என்ன, கருடசேவைப் பெருமாள் மாதிரி குடையோட எழுந்தருளியிருக்கீங்க?"

"வேலை வாங்க ஒரு ஆள் வேணாமா?"

"நீங்க வாங்கினது போதும்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் இறங்கிவிட்டாள்.

நின்றது தப்பா? நடவன்றைக்கு வரப்பில் நிற்பவர் பெயரில்தானே நடவு? மில் கட்டினேன் என்கிறேனே, ஒரு செங்கல்லாவது நான் எடுத்து வைத்திருப்பேனா? கொத்தனார் வைத்தார். கட்டியது நான்! அவ்வளவு தூரம் ஏன்... தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்றால் ராஜா பெயரைத்தானே சொல்கிறோம்? அவர் கல் சுமந்தாரா?

மூன்று மணி நேரத்தில் வாய்க்கால் தயார். ஆனால் தண்ணீர் நகரவில்லை. குளம் மாதிரி கிடக்கிறது. ஊலா இன்னும் ஆழமாக வெட்டினார், குளம் ஆழமாயிற்று. எரிக் போனில் ஏதோ ஒரு ஆப்பை வைத்து மட்டம் பார்த்தார்; போன் நனைந்து அணைந்துபோயிற்று.

நம் ஊராக இருந்தால் ஒரு கை உமி தூவி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். மலைமேல் உமிக்கு எங்கே போவது? கைக்கு எட்டியது பிளாஸ்க். ஆறு பேருக்கும் போட்டுவைத்திருந்த கறுப்புக் காபி. மூடியைத் திறந்தேன். வாய்க்காலில் அப்படியே கவிழ்த்தேன்.

"அப்பா!" என்று கயல் கத்தினாள். ஊலா முதல்முறையாக மூச்சை வெளியே விட்டார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கறுப்பு மெல்ல நகர்ந்தது... குடிலை நோக்கி! வெளியே போக வேண்டிய தண்ணீரை வீட்டுக்குள் அழைத்துவரத்தான் மூன்று மணி நேரம் பாடுபட்டிருக்கிறார்கள். கடைசி முனை ஒரு சாண் மேடு. குடையால் குத்திக் காட்டினேன். ஊலா வெட்டினார். தண்ணீர் சலசலவென்று காபியோடு மலையிறங்கியது.

சாயங்காலம் ஊலா புத்தகத்தைத் திறந்தார். நான் தலைவாரிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் எழுதி முடித்ததும் கயல் படித்தாள்.

"மழை. எட்டு டிகிரி. பின்பக்கம் வாய்க்கால் வெட்டினோம். சரோஜா இரண்டு மணி நேரம் தோண்டினார், நல்ல கை. தண்ணீர் ஓடுகிறது. கயலின் அப்பா குடையோடு நின்றார். காபி இல்லை."

"இது அநியாயம்மா!"

"ஏம்ப்பா, நின்னீங்களா இல்லையா?"

"நின்னேன்."

"குடை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் அவரு என்ன இல்லாததையா எழுதிட்டாரு?"

சரோஜா தன் 'நல்ல கை'யை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதியதை அடிக்கக் கூடாதாம். கீழே யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். பேனாவை வாங்கினேன். மதகு கட்டிய கதையில் ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம், தமிழில். ஊலா ரொம்ப மரியாதையாக, என்ன எழுதியிருக்கிறார் என்று கயலிடம் கேட்டார். அவள் இரண்டே வார்த்தை சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"என்னம்மா சொன்னே?"

"மழைன்னு எழுதியிருக்கீங்கன்னு சொன்னேன்."

"ஒன்றரைப் பக்கமா?"

"பெரிய மழைன்னேன். இங்க அவங்கவங்களே தன்னைப் பத்திப் பெருசா எழுதிக்கிட்டா மதிக்க மாட்டாங்கப்பா. அடுத்தவங்கதான் எழுதணும்."

இது என்ன வழக்கம்? அடுத்தவர் எழுதுவார் என்று காத்திருந்தால் நம் ஊரில் ஒருத்தன் பெயராவது வெளியே தெரியுமா?

மில்லைப் பார்க்க நான் முதலில் திரும்பிவிட்டேன். சரோஜா அங்கேயே இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். "பத்து நாளா விடாத மழைங்க. நேத்து மலைக்குப் போனோம். பலகைக்கு அடியில பொட்டு ஈரம் இல்ல. சம்பந்தி படுத்துப் படுத்துப் பாக்குறாரு."

"புத்தகத்துல எழுதினாரா?"

"எழுதினாரே. 'மழை. தரை ஈரமில்லை. காபி'ன்னு."

ஆகவே சம்பந்தி, இந்தப் பத்தியைக் கயல் உங்களுக்கு வரி விடாமல் படித்துக்காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நின்றேன், இல்லை என்று சொல்லவில்லை. காபி போனதும் என்னால்தான். ஆனால் தரை காய்ந்து கிடப்பது யாரால்? அடுத்த மாதம் குழந்தை வந்துவிடும். அதற்குள், உங்கள் கையால், உங்கள் பாஷையில், அந்த வரிக்குக் கீழே எழுதிவிடுங்கள்: 'வாய்க்காலின் சரிவைக் கண்டுபிடித்தவர் சோ. அம்பலவாணன், கீழ்வேளூர்.'

இனிஷியல் விட்டுப்போகக் கூடாது.