தண்ணீர் இல்லாத தீர்த்தத் தொட்டி

போன தவக்காலத்தில் ஒரு நாள் என் மகன் ஜூட் பயிற்சியிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கவேயில்லை.

"வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனையாம், அம்மா. அதிலயும் பிழை விட்டா நிப்பாட்டிப்போடுவினம்."

அவன் பதினெட்டு வருடம் குழாய்க்கிணறு அடித்தவன். அந்த வேலை குறைந்துபோன நேரத்தில்தான் கொழும்பு ஒருகொடவத்தையில் இந்தத் தொழிற்பயிற்சி கிடைத்தது. பூமிக்கு அடியில் இருக்கும் சூட்டை எடுத்து மின்சாரம் செய்ய, ஆழமாகத் துளை போடும் வேலை. பாஸ் பண்ணினால் வெளிநாட்டில் நல்ல வேலை. நாற்பது வயதில் அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவன் விட்ட பிழைக்குக் காரணம் நான். கிணற்றில் முதல் தண்ணீர் வந்தால் கையில் ஏந்தி நெற்றியில் சிலுவை போடு என்று பழக்கியவள் நான்தான். ஆனால் இந்த வேலையில் வருவது கொதிநீர். பயிற்சிக்குப் பச்சைத்தண்ணீர் விட்டிருந்ததால் கை தப்பியது. இரண்டு தரம் நீட்டிவிட்டான்.

"தம்பி, அங்க இப்பிடி நீட்டினா தோல் உரிஞ்சு வரும்" என்று ஆசிரியர் வெளியே அனுப்பிவிட்டாராம்.

"அடக்கேலாதோ மகன்?"

"தண்ணியைக் கண்டாக் கை தானாப் போகுது, அம்மா."

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். எனக்கு நீளமாகச் செபிக்கத் தெரியாது. நான் பழக்கினதை நீரே மாற்றும் என்று மட்டும் கேட்டு அழுதேன். வெளியே வரும்போது வாசலில் தீர்த்தத் தொட்டிக்குள் கையை விட்டேன். கழுவிக் காய வைத்திருந்தார்கள். ஒரு சொட்டும் இல்லை. ஆனாலும் என் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

"அன்ரி, கொஞ்சம் விலகுங்கோ" என்று யாரோ சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து ஜூட்டிடம் சொன்னேன். "தண்ணியைத் தொடாத. கண்டவுடன வெறுங்கையால சிலுவை போடு."

மூன்று நாளும் நான் குசினிப் பைப்பைத் திறக்க, அவன் தள்ளி நின்று சிலுவை போட்டான்.

"இந்த வீட்டில பானை கழுவுறதுக்கும் பூசை" என்று மருமகள் சிரித்தாள்.

வெள்ளி மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அம்மா, கை நெத்திக்குத்தான் போச்சு. பாஸ்." மீன் கையோடு அந்த இடத்திலேயே நன்றி சொன்னேன்.

இப்போது அவன் அந்த வேலையில்தான் இருக்கிறான். இரண்டு கையும் சுகமாக இருக்கின்றன.

ஐந்தாம் வகுப்பு படித்தவள் நான். கோயிலில் முன்னுக்கு நின்று சாட்சி சொல்லக் கூச்சம். அதனால்தான் எழுதித் தருகிறேன். உங்கள் பிழையால் வந்த கஷ்டம் என்றாலும் வெட்கப்படாமல் அந்தோனியாரிடம் கேளுங்கள். இப்போது தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. நான் முதலில் வெறுங்கையால் சிலுவை போட்டுவிட்டுத்தான் அதைத் தொடுகிறேன்.