சும்மா ஓடியவள்

மேற்கு ஜெர்மனியில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஊரில், விடிகாலையில் ஓடுகிறவர்கள் எதிரே வந்தால் "மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். கிழவர்கள் ஓடுவார்கள், பிள்ளை பெற்ற பெண்கள் ஓடுவார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நானும் ஓட ஆரம்பித்தேன். வார்டில் பிறர் உடம்பைத் தூக்கிப் புரட்டியே களைத்தவளுக்கு, அந்தக் கொஞ்ச நேரம்தான் தன் உடம்பு தனக்கென்று கிடைக்கிறது. அங்கும் ஒருநாள் போலீஸ்காரன் மறித்தான். அத்தனை பேர் ஓடும் பாதையில் என்னை மட்டும். "வோஹின்?" எங்கே போகிறாய் என்கிறான். "நாஹ் ஹௌஸே", வீட்டுக்கு என்றேன். "இந்தியாவுக்கா? ரொம்ப தூரம் ஓட வேண்டுமே!" என்று சிரித்தான். நர்ஸ் விடுதியைத்தான் வீடு என்றேன் என்று விளக்கும் அளவுக்கு என் ஜெர்மன் அன்று வாயில் வரவில்லை. நம் ஊரில் யாரும் இப்படி மறிக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது அந்த நினைப்பின் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

போன விடுமுறையில் தூத்துக்குடிக்கு வந்தேன். எங்கள் பூர்வீகம் சாத்தான்குளம். அண்ணன் தூத்துக்குடியில் வாத்தியார். அவர் மகள் மெர்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வந்த மறுநாள் காலை சேலையை இழுத்துச் செருகி, கான்வாஸ் ஷூ மாட்டி, பீச் ரோட்டில் ஓடினேன். கடற்காற்று முகத்தில் உப்பாக அறைந்தது. நன்றாக இருந்தது. உப்பளத்து வேலைக்குப் போன ஒருவர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

"ஏளா தங்கச்சி, நில்லு! யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல அண்ணாச்சி. சும்மா ஓடுதேன்."

"சும்மாவா? பயப்படாம சொல்லு. அடிச்சானா புருசன்?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொன்னதும் அதற்குள் கூடிவிட்டவர்களின் முகம் இன்னும் மாறியது. இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்து, விலாசம் கேட்டு, வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். பைத்தியத்தை ஒப்படைப்பது போல, ரொம்ப அன்பாக.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். காப்பியைத் தொடவில்லை.

"ஒங்க தங்கச்சிக்குப் புத்தி கித்தி சரியில்லையோ? குடும்பத்துல வேற யாருக்கும் இப்படி உண்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "அதெல்லாம் இல்லம்மா. அவளுக்கு இருதயம் சரியில்ல. அங்கன உள்ள டாக்டர்தான் தெனமும் ஓடச் சொல்லியிருக்காரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுக்களை வாசலில் மெர்சி நின்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் காப்பியை எடுத்துக் குடித்தார்.

அவர் போனதும் நான் கத்தினேன். "ஓடப் பிடிக்கும், ஓடுதேன்னு சொன்னா என்னண்ணே? எனக்கா சீக்கு?"

"பைத்தியம்னா பரம்பரைன்னுவாங்க. இருதயம்னா பாவம்னுட்டுப் போயிருவாங்க. எது தேவல, நீயே சொல்லு," என்றார் அண்ணன். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "இங்கன இருக்கவரைக்கும் ஓடாத," என்றார்.

ஓடவில்லை. ஊருக்குள் நடந்தால்கூட யாராவது நாற்காலி இழுத்துப் போட்டார்கள். கல்யாண வேலையில் ஒரு தேங்காயைத் தூக்க விடவில்லை. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெர்சியின் கல்யாணம் நன்றாக நடந்தது.

நான் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குருவானவர், "தூர தேசத்தில் இருதய நோயோடு ஊழியம் செய்யும் நம் சகோதரி எஸ்தருக்காக ஜெபிப்போம்," என்றார். சபை முழுக்கத் தலை குனிந்தது. சில பெண்கள் அழுதார்கள். பொய்யில்லாத அழுகை. எட்டு வருஷம் அந்நிய மண்ணில் தனியாகக் கிடந்தவளுக்காக யாரும் இப்படி அழுததில்லை. இப்போது எனக்கு இல்லாத ஒரு நோய்க்காக என் ஜனங்கள் அழுதார்கள். எழுந்து நின்று எனக்கு ஒன்றுமில்லை என்று கத்தவேண்டும் போலிருந்தது. அந்த அழுகையை விட்டுவிடவும் மனமில்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள். அவர்களோடு சேர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நானும் ஆமென் என்றேன்.