மேலே போனால் செத்துப்போகிற பெடல்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போயிருந்தேன் — கிட்டாருக்கு ஒரு பெடல் வாங்க.

சிரிக்காதீர்கள். நம் ஊர் இன்னிசைக் குழுவில் மைக் பிடித்து, 'அடுத்து வருவது ஓர் இனிய டூயட்' என்று சொல்வதோடு எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். பெடல் எனக்கு இல்லை, மாதேஷுக்கு. மாதேஷ் என்பது அவன் நிஜப் பெயரும் இல்லை. ஏன் மாற்றினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாதேஷ் எங்கள் குழுவின் லீட் கிட்டார். தளிப் பக்கத்துக்காரன். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். வாரத்தில் ஆறு நாள் ஓசூரில் ஒரு ஃபோர்ஜிங் ஷாப்பில் ஹேமர் ஓட்டுகிறான். பழுக்கக் காய்ந்த இரும்பை அடித்து லாரிக்குப் பாகங்கள் செய்கிற ராட்சதச் சுத்தியல் அது. குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவனும், பேஸ் கிட்டார் வாசிக்கிறவரும் அதே ஷாப்தான். நானும் அதே கம்பெனிதான். ஆனால் ஆபீஸ். ஃபேன் சத்தத்துக்கே முகம் சுளிக்கிற ரகம்.

வா-வா பெடல் என்றால் என்ன? காலால் ஆட்டுகிற ஒரு பெட்டி, அவ்வளவுதான். குதிகாலை அழுத்தினால் கிட்டார் வாயை மூடிக்கொண்டு முனகும். முன்பாதத்தை அழுத்தினால் சத்தம் மெலிந்து கூர்மையாகி, வாயைத் திறந்து கத்தும். இரண்டுக்கும் நடுவே ஆட்ட ஆட்ட... கிட்டார் பேசும், கெஞ்சும், அழும். மாதேஷ் அதை வாசித்தால், கடைசி வரிசையில் கடலை உரித்துக்கொண்டிருப்பவன்கூடக் கையை நிறுத்திவிடுவான்.

அந்தப் பெடல்தான் ஒரு வருஷமாக அவன் உயிரை எடுத்தது.

"கீழ நல்லா பேசுது சார். மேல போனா செத்துடுது" என்பான். பிரித்தான், துடைத்தான், உள்ளே இருக்கிற கன்ட்ரோலை மாற்றினான், மறுபடி மாற்றினான். கடைசியில் வெறுத்துப்போய் அதை உடைத்து, பார்ட்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டான். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எங்கள் கச்சேரி. புதுசு வாங்கியே தீர வேண்டும். துணைக்கு நான்.

கடைக்காரர் மூன்று பெடல்களை எடுத்து வைத்தார். கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று, பம்பாயில் செய்த உள்ளூர்ச் சரக்கு ஒன்று. மாதேஷ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கறுப்பின் மேல் காலை வைத்தான். குதிகால் பக்கம், அருமை. முன்பாதத்தை அழுத்தினான். என் காதுக்குள் ஊசி ஏறியது. மவுத் ஆர்கன் வாங்க அம்மாவோடு வந்திருந்த ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது.

மாதேஷின் முகம் விழுந்தது. "இதுவும் செத்துடுது."

சிவப்பு? "செத்துடுது." பம்பாய்ச் சரக்கு? அதுவும்.

"மூணுமேவாப்பா?" என்றேன்.

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சென்னாகிதெ சார், நல்லாத்தான் இருக்கு" என்று கிட்டாரை வாங்கி, கறுப்புப் பெடலை வைத்து அவரே வாசிக்க ஆரம்பித்தார். மாதேஷ் தரையில் குத்த வைத்து உட்கார்ந்து பெடலையே பார்த்துக்கொண்டிருந்தான். கோளாறைக் கண்ணால் பிடித்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. அவர் கால் முன்பக்கம் சாய்ந்தது.

"ஏன் சார் சவுண்ட கொறைச்சிட்டீங்க?" என்றான், தலையைத் தூக்காமல்.

அவர் எதையும் குறைக்கவில்லை. வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். அது இன்னும் காதைப் பொத்திக்கொண்டுதான் நின்றது. மாதேஷ் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு அவனும் குழந்தையைப் பார்த்தான்.

"உங்களுக்குக் கேக்குதா சார்?"

"கேக்குது மாதேஷ்."

"எப்பிடிக் கேக்குது?"

"ரொம்பக் கூர்மையா... காது கூசற மாதிரி."

எழுந்து செருப்பைத் தேடினான். கையில் எடுத்தான், மறுபடி கீழே வைத்தான். "அப்போ என் பழைய பெடலு... அதுவும் நல்லாத்தான் இருந்துதா?" என்றான்.

ஹேமர் ஷாப்பில் புதிதாகச் சேர்கிறவனுக்கு எல்லாரும் சொல்லிவைக்கிற ஒன்று உண்டு. 'மொத மாசந்தான் கஷ்டம். அப்புறம் காது பழகிடும்.' நானே எத்தனையோ பேர் சொல்லக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். பஞ்சை வைத்தால் ஃபோர்மேன் கத்துவது கேட்காது என்று யாரும் வைப்பதில்லை. மாதேஷ் அதில் கிட்டார் துடைப்பான். காது எப்படிப் பழகும்? தோல் காய்த்துப்போவதுபோலக் காதும் காய்த்துப்போகுமா? நாம் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வதில் பாதி, செத்துப்போனதுதான். எனக்கு அந்தக் கடையில் நின்றபடி யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. யாரை அறைவது என்றுதான் தெரியவில்லை.

மாதேஷ் வாங்காமல் திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். இல்லை. மூன்றையும் வரிசையாக வைத்து, கிட்டாரைத் தொடாமலே ஒவ்வொன்றிலும் காலை வைத்து ஆட்டிப் பார்த்தான். சிவப்பு லூஸாக இருந்ததாம். பம்பாய்ச் சரக்கு பாதியில் பிடித்துக்கொண்டதாம்.

"இந்தக் கறுப்பு காலுக்கு நல்லாருக்கு சார். மேல வர்றத நீங்க கேட்டுச் சொல்லுங்க."

ச-வுக்கும் ப-வுக்கும் வித்தியாசம் தெரியாத நான் கேட்டுச் சொன்னேன். கறுப்பையே கட்டித் தரச் சொன்னோம்.

திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். திடீரென்று, "சார், எம்பொண்ணு எப்பிடிப் பேசறா?" என்றான்.

"ஏன், நல்லாத்தானே பேசறா? கணீர்னு பேசுவாளே."

"வாய்க்குள்ளியே முணுமுணுக்கறான்னு தெனமும் திட்டினு இருக்கேன் சார். வாயத் தொறந்து பேசுடின்னு போன வாரம் அடிச்சிட்டேன்."

அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான். நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரிகர்சல். புதுப் பெடலைப் பார்க்க எல்லாரும் சுற்றி நின்றார்கள். மாதேஷ் வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு, கால் நினைவை வைத்துக்கொண்டே வாசித்தான். இவ்வளவு நன்றாக அவன் வாசித்து நான் கேட்டதில்லை. முடித்ததும் டிரம்ஸ்காரன் உதட்டைப் பிதுக்கினான். அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

"இன்னாண்ணா, புதுசும் மேல போனா ஒண்ணியும் கேக்கல?"

"உன்ன நல்லா ஏமாத்தி அனுப்பிட்டாங்கப்பா" என்றார் பேஸ் வாசிக்கிறவர்.

மாதேஷ் என்னைப் பார்த்தான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "ஆமா... பீசு சரியில்ல போல. மாத்திக்கலாம்" என்றான்.

சைக்கிள் ஸ்டாண்டில் என்னை ஓரமாக நிறுத்தினான்.

"சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு சார். முடியல. நீங்க பேப்பர்ல வாராவாரம் எழுதறீங்களே, அதுல எழுதிடுங்க. டீக்கடையில நம்ம ஆளுங்க மொதல்ல அதத்தான் படிக்கறாங்க. எம்பேரு மட்டும் வேணாம். அன்ஃபிட்டுனு வீட்டுக்கு அனுப்பிட்டா நான் எங்க போவேன்?"

எழுதிவிட்டேன் மாதேஷ்.

டிரம்ஸ் தம்பி, பேஸ் அண்ணே... இந்த வாரமே ஒரு காது டாக்டரைப் போய்ப் பாருங்கள். அந்தப் பெடலில் ஒரு கோளாறும் இல்லை.